மூன்று விரல் இடப்பக்கம்

மூன்றாவது குண்டிலேயே நோலனின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது.

பிடியை இழுத்து, பாதி நுழைந்து நின்ற குண்டை விரலால் நெம்பி எடுத்தான். விரலெல்லாம் எண்ணெய்.

"எண்ணெய் போடறதுன்னா ஒரு சொட்டு, மாப்ளே. நீ வடையே சுட்டிருக்க," என்றார் ரெய்னோ.

குளிரில் எண்ணெய் கூழாகிவிடும். நவம்பரில் துப்பாக்கியை உலரத் துடைத்து வைக்க வேண்டும் என்பது வட மிச்சிகனில் எல்லோருக்கும் தெரியும். நோலன் வீட்டில் அது அவன் மனைவி ஐலாவின் வேலை. சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, இரண்டு துப்பாக்கிகளையும் அவளே பிரிப்பாள், அவளே துடைப்பாள், அவளே பூட்டுவாள்.

பிப்ரவரியில் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு தன்னுடையதற்கு மட்டும் அவன் எண்ணெய் போட்டான். அவளுடையதைத் தொடவில்லை.

ரெய்னோ அவளுடைய அப்பா. தோளில் அறுவை நடந்த பிறகு, ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ள வேண்டிய தன் பழைய துப்பாக்கி அவருக்கு ஆகவில்லை. விசையை அழுத்தினால் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் வகை வேண்டும். மகள் வீட்டில் அப்படி இரண்டு இருந்தன. சுமக்கத்தான் இப்போது ஒரே ஆள்.

பதினைந்தாம் தேதி மான் பருவம் தொடங்குகிறது.

"ரெண்டையும் சுட்டுப் பாரு. நல்லா சுடறது உனக்கு, மத்தது எனக்கு," என்று காலையில் சொல்லியிருந்தார்.

ஐலாவுக்குப் பதினாறு வயதில் அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொடுத்தவரே அவர்தான். அதுதான் வேண்டுமென்று கேட்டிருந்தால் நோலனால் மறுத்திருக்க முடியாது. அவர் கேட்கவில்லை.

சுடுதிடலில் வேறு யாரும் இல்லை. ஞாயிறு மதியம், ஊரே தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

நோலன் மீதிக் குண்டுகளையும் சுட்டான். அவனுடையதில் எல்லாம் இருந்தது. விலை கூடிய தொலைநோக்கி, மடக்கும் தாங்குகால், தோல் வார், கன்னம் பதிக்க மெத்தை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. இனி இதில் காபி போடுகிற வசதி ஒன்றுதான் பாக்கி என்பாள் ஐலா.

நூறு கஜம் நடந்து போய்க் குறிக்காகிதத்தைப் பார்த்தார்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு இறைந்து கிடந்தன ஓட்டைகள்.

பிறகு ஐலாவுடையது.

வெறும் மரக்கட்டை, மங்கலான பழைய தொலைநோக்கி, துணி வார். வாரில் அவள் உயரத்துக்கு ஒரு முடிச்சு. அவன் அதை அவிழ்க்கவில்லை.

ஐந்து குண்டுகள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஐந்து ஓட்டைகளையும் ஒரு கால் டாலர் காசால் மூடிவிடலாம். ஆனால் வட்டத்துக்கு இடப்பக்கம், வெள்ளையில் இருந்தன.

அவள் சுட்டபோதெல்லாம் நடுவில் விழுந்தவைதான். ஒருவர் கன்னத்துக்கும் கண்ணுக்கும் பழகிய துப்பாக்கி, இன்னொருவர் கையில் கொஞ்சம் விலகித்தான் சுடும்.

ரெய்னோ காகிதத்தில் விரல்களை வைத்து அளந்தார். மூன்று விரல்.

"எட்டு கிளிக் வலப்பக்கம் திருப்பு. அப்புறம் இதுதான் நல்ல துப்பாக்கி, உனக்கு. திருப்ப மனசில்லேன்னா என்கிட்ட குடு, என் கண்ணுக்கு நான் திருப்பிக்கறேன்."

மேசைக்குத் திரும்பினார்கள். ரெய்னோ காதுக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பொட்டலத்திலிருந்து இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியை எடுத்துப் பாதி பிய்த்து அவன் பக்கம் வைத்தார். நோலன் தொடவில்லை.

தொலைநோக்கியின் பக்கவாட்டு மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு திருகு. திருப்பினால் ஒவ்வொரு படிக்கும் கிளிக்கென்று சத்தம் வரும், குறி கொஞ்சம் நகரும்.

திருகிலிருந்து விளிம்பு வரை சிவப்பாக ஒரு கோடு. நகப்பூச்சு. அவள் கல்யாணத்துக்கு வாங்கியது. திருகு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவள் வைத்த அடையாளம். ஒரே இழுப்பு, நடுக்கமில்லாத கை.

ஒரு கிளிக் திருப்பினாலும் கோடு இரண்டாகிவிடும்.

கட்டைவிரலைத் திருகின் மேல் வைத்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அது நின்றபோது, ரெய்னோ மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது.

மூடியைத் திருகி மூடினான்.

"திருப்பிட்டேன் மாமா."

ரெய்னோ கையைத் துடைத்துக்கொண்டு காதுக்கவசத்தை ஏற்றினார்.

நோலன் கன்னத்தைக் கட்டையில் பதித்தான். தொலைநோக்கிக்குள் கறுப்பு வட்டம் தெரிந்தது. அதை விட்டு, சிலுவைக் கோட்டை வலப்பக்கம் நகர்த்தினான். அங்கே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைக் காகிதம். அந்த ஒன்றுமில்லாத இடத்தைக் குறிபார்த்து, மூச்சை விட்டு, ஐந்து முறை சுட்டான்.

ஐந்தும் கறுப்புக்குள்.

ரெய்னோ ஓட்டைகளின் மேல் காசை வைத்துப் பார்த்தார். எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அப்ப இது உன்னுது."

சிக்குகிற துப்பாக்கியைத் தாங்குகால், தோல் வார் எல்லாவற்றோடும் தூக்கித் தன் வண்டியில் வைத்தார். எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். உடனே போகவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"காட்டுல மான் காகிதம் மாதிரி நிக்காது," என்றார், சாலையைப் பார்த்தபடி. "அவசரத்துல மறந்துடாதே. மூணு விரல் வலப்பக்கம்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.