சிலோன் விசாவுக்கு ஒரு சாட்சி

"ஏம்மா, புருஷன் விட்டுட்டுப் போயிட்டானா?"

முகத்துக்கு நேரே கேட்டார் சடகோபாச்சாரியார். ரோசரிக்குச் சுரீரென்றது.

"இல்லீங்க. பினாங்குத் துறைமுகத்தில வேலையா இருக்காரு."

"அப்போ நீ மட்டும் ஏன் தனியா வந்தே?"

"அவருக்கு லீவு கிடைக்கலீங்க."

"கிடைக்கலையா, கேக்கலையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிக்கெட் ஏஜெண்ட் ஜெகபர் அலி நெளிந்தார். திருச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் அவளை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டி வந்தவர் அவர்தான்.

ரோசரி பிறந்தது திருச்சி பாலக்கரையில். பதினேழு வயதில் கல்யாணமாகிப் பினாங்கு போனாள். தாயில்லாத அவளை வளர்த்த அக்கா வாழ்க்கைப்பட்டது சிலோனில். ரோசரியின் கல்யாணத்தன்று அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டதுதான். நடுவில் ஜப்பான்காரன் சண்டை வேறு வந்து, இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து, அக்காவுக்காக யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் வந்தது. 'உயிரோட பாக்கணும்னா இப்பவே வா.'

அவளுக்குக் கிடைத்த கப்பல் நாகப்பட்டினம் வருவது. "விசாவைப் போகிற வழியில் இந்தியாவிலேயே வாங்கிக்கலாம்" என்று பினாங்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

இங்கே வந்த பிறகுதான் டூரிஸ்ட் விசா பாரத்தின் கடைசிப் பத்தி தெரிந்தது. அவளை நெடுநாளாக நேரில் அறிந்த உள்ளூர்ப் பெரியமனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். பாலக்கரையில் அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதிப் பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். பினாங்கு திரும்பும் கப்பலுக்கோ இன்னும் ஒன்பதே நாள்.

"பொய்க் கையெழுத்துப் போட ஆளுங்க இருக்காங்கம்மா. ஆனா அவங்க பேரைப் பார்த்தாலே ஆபீஸ்ல பாரத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார் ஜெகபர் அலி. "ஸ்ரீரங்கத்துல ரிடையரான சப்-ரிஜிஸ்திரார் ஒருத்தர் இருக்காரு. அவர் சொன்னா மறுபேச்சு கிடையாது. ஆனா பொய்னு ஒண்ணு அந்த வாயில வராது. எதுக்கும் அவர் பேரைப் போட்டு ஆபீஸ்ல பாரத்தைக் குடுத்துட்டு, கால்ல விழுந்து பாப்போம்."

காலில் விழுந்ததற்குப் பலன், இந்தக் குறுக்கு விசாரணை. பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருஷம் பொய்ச் சாட்சிகளைத் திணறடித்தவர், பழக்கம் விடுமா?

"அப்பா பேர்?"

"சவரிமுத்துங்க. தச்சு வேலை."

"எந்தத் தெரு? உடம்பிலே அடையாளம் ஏதாவது?"

"முழங்கையில ஒரு தழும்பு."

"எந்தக் கை? எப்படி வந்தது?"

ஒன்றரை மணி நேரம் கேட்டார். ரோசரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டாள்.

"உதவ மனசில்லேன்னா சொல்லிடுங்க ஐயா. நான் என்ன கொலையா செஞ்சேன்? எதுக்கு இப்படிக் கூண்டில ஏத்தறீங்க?"

அவர் அசரவில்லை.

"உங்கப்பா இழைப்பு வேலை பண்ணுவாரோ, வெறும் கூரை வேலைதானோ?" என்றார்.

கடைசியில், "நீங்க போங்கோ. விசாரிக்க ஆபீஸ் ஆள் நாளைக்கு இங்கே வருவனோல்லியோ? சொல்ல வேண்டியதை அவனண்டையே சொல்லிக்கறேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஜெகபர் அலி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. 'இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியாது'ன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா, நீங்க பித்தலாட்டம் பண்ணினதா எழுதிடுவாங்க. அப்புறம் எந்தக் காலத்திலயும் விசா கிடைக்காது."

அன்று ரோசரிக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவை நினைத்து அழுதாள். அந்தக் கிழவரை நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

மறுநாள் காலை ரோசரியும் ஜெகபர் அலியும் ஆச்சாரியார் வீட்டில் காத்திருந்தார்கள். விசா ஆபீஸிலிருந்து நல்லதம்பி என்பவர் சைக்கிளில் வந்தார். நோட்டைப் பிரித்தார்.

"ஐயா, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

ரோசரி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுமாவாவது!" என்றார் சடகோபாச்சாரியார். "பாலக்கரைத் தச்சன் சவரிமுத்து பொண்ணுன்னா இவ. எங்காத்து ஊஞ்சல் அவன் இழைச்சதுதான். அப்பன் பின்னாடியே உளியைத் தூக்கிண்டு வருவள். ஒருநாள் எங்காத்து முற்றத்திலேதான் இடது முழங்கையைக் கிழிச்சுண்டா. தழும்பு இருக்கும், வேணும்னா பாரு."

நல்லதம்பி பார்க்கவில்லை.

"நீங்களே சொன்னப்புறம் பாக்கறதுக்கு என்னங்க இருக்கு!" என்று எழுதிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். "மத்தியானம் ஆபீஸுக்கு வந்து விசாவை வாங்கிக்குங்கம்மா."

சைக்கிள் தெருமுனை திரும்பியதும் ரோசரி பொங்கிப் பொங்கி அழுதாள்.

"உங்களைப் போயி நேத்து என்னென்னவோ திட்டினேனே! மன்னிச்சிடுங்க ஐயா."

ஜெகபர் அலிக்கு இன்னும் வாய் மூடவில்லை.

"சாமி... நீங்க ஜன்மத்துல பொய்யே சொன்னதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லுதே!"

"வாஸ்தவம்தான் பாய், சொன்னதே இல்லை" என்றார் கிழவர். "சொல்லியிருந்தா, இன்னிக்கு அவன் என்னை நம்பியிருப்பனா?"