இடது பக்கத்து அக்கா

புற்றுநோய் வந்து தமயந்தியின் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். கடையில் நாலைந்தை வைத்துப் பார்த்து, ஒரு சிலிக்கான் மார்பை வாங்கினாள். அதை முதன்முதலாக அணிந்துகொண்டு அண்ணன் மகளின் வளைகாப்புக்குப் போனாள்.

சந்தனம் பூசக் குனிந்தபோதே சிலிக்கான் பதறியது. “அக்கா, நான் நழுவிட்டேனா?”

“இல்லை,” என்றது இடது மார்பு.

வளையல் போட்டு நிமிர்ந்ததும் மறுபடியும், “உங்களைவிட இறங்கித் தெரியறேனா? எல்லாரும் என்னையே பார்க்கிறாங்களே!”

“யாரும் பார்க்கலை. இதோட ஆறு தடவை கேட்டுட்டே.”

“உங்களுக்கென்ன அக்கா, அவ கூடவே வளர்ந்தவங்க. ஒரு பயமும் இல்லை.”



“தினமும் குளிக்கிறப்போ கட்டி ஏதும் இருக்கான்னு அவ தடவிப் பார்க்கிறது உன்னை இல்லைடி, என்னை.”