தமிழ்மணியின் கேமரா

ஏலம் முடிய இன்னும் ஆறு நிமிடம். வீரமலை சாப்பாட்டு மேசைக்கு அடியில் போனை மறைத்து வைத்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று என்று அழுத்தினான்.

'ரிசர்வ் விலையை எட்டவில்லை' என்றது திரை.

அடுப்பு மேடையில் கிடந்த மலர்க்கொடியின் போன் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்துவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

விற்பது அவள். வாங்க நிற்பது அவள் புருஷன், 'ரங்கன்77' என்ற பெயரில். அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெயர்.

பொருள், ஒரு பழைய பிலிம் கேமரா. காலேஜில் கூடப் படித்த தமிழ்மணி கொடுத்தது என்று கல்யாணமான மறு வாரமே சொல்லியிருந்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வீரமலை என்றோ மறந்திருப்பான்.

தமிழ்மணிக்கு இப்போது தில்லை நகரில் இரண்டு மாடி ஸ்டுடியோ. பல் டாக்டரிடம் போவதற்குக்கூட வீரமலை அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

"பழசையெல்லாம் ஆன்லைன்ல ஏலத்துக்குப் போட்டுட்டேங்க. கேமராவும் சேத்துதான்" என்று போன வாரம் அவள் சொன்னபோது அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

திறந்து பார்த்தால், கேமராவுக்கு ரிசர்வ் விலை வைத்திருந்தாள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கிடைக்காது; கேமரா வீட்டிலேயே தங்கிவிடும். அது எவ்வளவு என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்த பரம்பரை. எதிரில் நிற்பவன் கடைசியாக எந்த விலைக்கு இறங்குவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பெண்டாட்டி எந்த விலைக்குத் தமிழ்மணியை விடுவாள் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

இரண்டாயிரத்து ஒன்று. எட்டவில்லை.

மூவாயிரத்து ஒன்று. எட்டவில்லை.

மொட்டையாக ஒரு தொகையை முடிக்க அவனுக்குக் கை வராது. மொய் எழுதினாலும் சரி, பித்தளை வாங்கினாலும் சரி, மேலே ஒரு ரூபாய் வைத்தே தீர வேண்டும்.

வேறு ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. போட்டிக்கு ஆளே இல்லாமல் தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தான். தமிழ்மணி அந்நேரம் பாஸ்போர்ட் போட்டோவுக்காக யாருடைய தாடையையாவது நிமிர்த்திக்கொண்டிருப்பான்.

"யாரோ ஒருத்தர் விடாம ஏத்துறாருங்க. வேலைவெட்டி இல்லாத ஆளு போலிருக்கு" என்றாள் மலர்க்கொடி.

"இருக்கும்" என்றான். சட்னியைத் தொட மறந்து தோசையை விழுங்கினான்.

ஏழாயிரத்து ஒன்று. எட்டவில்லை.

இந்தப் பணத்துக்கு ஒரு புது செல்போனே வாங்கலாம். அதற்குள்ளேயே கேமராவும் இருக்கும்.

கடைசி நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாயிரத்து ஒன்று.

'ரிசர்வ் விலை எட்டப்பட்டது.' சற்றுப் பொறுத்து, 'வாழ்த்துகள்.'

மேடையில் 'டிங்.'

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் ஏழாயிரத்துக்கும் தமிழ்மணியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

எரிச்சலில் திரையைத் தள்ளினான். 'இதே விற்பனையாளரின் பிற பொருட்கள்' என்று ஒரே ஒரு படம் வந்தது.

முதல் கல்யாண நாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். பெரிய கடை வீதியில் அரை மணி நேரம் பேரம் பேசி எடுத்தது. எவ்வளவு குறைத்தான் என்பதையும் பெருமையாகச் சொல்லித்தான் அவள் கையில் கட்டிவிட்டான்.

துவக்க விலை: பத்து ரூபாய்.

ரிசர்வ் விலை: இல்லை.

மலர்க்கொடி அடுப்பை அணைத்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்த வாட்சுக்கும் ஒரு விலை கேளுங்க. பதினொண்ணுன்னு கேட்டாக்கூடப் போதும். இன்னும் போணியே ஆகலை."