வாழ்ந்து முடித்த துணி

“உலக மக்கள் அனைவருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், என் கல்யாணத்துக்காகப் புதுசா ஒரு முழம் துணிகூட நெய்யப்படக் கூடாது!”

உலக மக்கள் சார்பில் அந்தக் கடையில் அப்பாவும் அம்மாவும்தான் இருந்தார்கள். மகளின் பிரகடனத்தைக் கேட்டுக் கை தட்டியவர் ஒருவர்தான். கடையின் சொந்தக்காரரான டிசைனர்.

மகளுக்கு வீட்டில் ‘குப்பை இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். டீத்தூளை எந்த வாளியில் கொட்டுவது என்பதில் அப்பாவுக்கு இன்றுவரை பயம் உண்டு. கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். ஏழு கடைகளில் சாயம் சரியில்லை, பட்டன் பிளாஸ்டிக் என்று மூக்கைச் சுளித்துவிட்டு வந்தவள், இந்த எட்டாவது கடையில் ஒரு வெள்ளை கவுன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

“இதைத் துணின்னு சொல்லாதீங்க சார். தவம்!” டிசைனர் கண்களை மூடிக்கொண்டார். “ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடிச்ச பருத்தி. மலை உச்சியில ஒரு குக்கிராமம். அங்க அருவித் தண்ணியில அலசி அலசி இந்தப் பதத்துக்குக் கொண்டுவந்திருக்காங்க. ரசாயனம்னா என்னன்னே இதுக்குத் தெரியாது.”

அப்பா முன்னால் வந்தார். முப்பது வருடமாக லாண்டரி நடத்துகிறவர். துணியைத் தொட்டே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமையடிப்பவர். கவுனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார், வெளிச்சத்தில் காட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

“அடேயப்பா! இப்படி ஒரு துணி என் கையில பட்டதே இல்ல. மலைக்காத்து வாசம் வருது பாரு!”

“எனக்கும் ஏதோ வாசம் வருது,” என்றாள் அம்மா.

டிசைனர் விலையைச் சொன்னார். அவ்வளவு பெரிய தொகையை அவ்வளவு மெல்லிய குரலில் சொல்ல அவரால்தான் முடியும்.

அப்பாவின் கை தானாகக் கவுனை விட்டது. லாண்டரியில் இருக்கும் பழைய ட்ரையர் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று ஓடிக்கொண்டிருந்தது. புது ட்ரையருக்காக மூன்று வருடமாகச் சேர்த்த பணமும் இந்த கவுனின் விலையும் பேசி வைத்தாற்போல் ஒன்றாக இருந்தன. ட்ரையர் வாங்காமல் மழைக்காலம் வந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“வேண்டாம்ப்பா. நாம கிளம்பலாம்,” என்றாள் மகள். வாய்தான் சொன்னது. அதற்குள் கவுனை மாட்டிக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றியிருந்தாள். பாவாடை குடையாக விரிந்தது. டீத்தூள் விவகாரத்தில் கூட இல்லாத ஒளி அந்த முகத்தில்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “பூமியைவிட ட்ரையரா பெருசு? பில் போடுங்க சார்.”

“என்னங்க, மழை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“வரட்டும். கொடி கட்டிக் காயவைப்போம்.”

“மழையிலயா?”

அம்மா பெருமூச்சு விட்டபடி மகளை உடை மாற்றிவரச் சொல்லி கவுனை வாங்கிக்கொண்டாள். “இடுப்புல லேசாத் தூக்குது. உள்தையலைப் பார்த்துடறேன். நீங்களும் கொஞ்சம் உள்ள வாங்க தம்பி.”

திரைக்குப் பின்னால் இருவரும் போனார்கள். முதலில் டிசைனரின் குரல் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். அதன் பிறகு டிசைனரின் குரல் கேட்கவே இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார் டிசைனர். “சார்... தையல் கூலி மட்டும் குடுங்க, போதும். துணி வந்து... அது இயற்கையோட அன்பளிப்பு.”

“ஐயோ, இப்படி ஒரு மனுஷனா!” மகளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. நல்லவர்கள் நாலு பேர் இருப்பதால்தான் பூமி சுற்றுகிறது என்று டிசைனரின் கையைப் பிடித்துக் குலுக்கி, சின்னதாக ஒரு சொற்பொழிவே ஆற்றினார். டிசைனர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

தெருவில் மகள் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் போனில் கத்தியபடி முன்னால் பறந்தாள். அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

“ட்ரையரும் தப்பிச்சது, பொண்ணும் சிரிக்கிறா. அப்படி என்னதான் சொன்ன அந்த ஆள்கிட்ட? பூமியோட எதிர்காலத்தைப் பத்தியா?”

“நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. உள்மடிப்புல நம்ம லாண்டரி முத்திரை இருந்துச்சு, அதைக் காட்டினேன்,” என்றாள் அம்மா. “போன வருஷம் பழைய துணிக்காரனுக்கு நாம கிலோ கணக்குல போட்டோமே, ஓட்டல் படுக்கை விரிப்பு, அதுதாங்க இது. ஆறு வருஷம் நீங்கதான் ப்ளீச் போட்டு வெளுத்தீங்க.”