யாரிடமிருந்து?

சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் பாக்கெட்டில் அந்தச் சீட்டு இருந்தது. கிளினிக் சீட்டு. மேலே, 'பால்வினை நோய்ப் பிரிவு'. கீழே பேனாவில், 'மனைவியும் வந்து பரிசோதித்துக்கொள்ளவும்'.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஏழு மாதம் முடியவில்லை.

"யாரு அவ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் சீட்டைப் பார்த்தான். பஸ் டெப்போவில் மெக்கானிக். எப்போதுமே வாய் அதிகம் கிடையாது.

"ஒரு வாரமா ஒண்ணுக்குப் போனா எரியுது. சீழ் மாதிரி வடியுது. தொத்துன்னு சொன்னாங்க. மாத்திரையில சரியாயிடுமாம். நீயும் ஒருதடவை காட்டிடு."

"நான் கேட்டது அது இல்ல. யாரு அவ?"

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"அந்த டைம் கீப்பர்தானே? நான் டெப்போவுக்கு டிபன் பாக்ஸ் கொண்டு வந்த அன்னிக்கு, உங்க கிரீஸ் கைக்கு அவதானே தண்ணி ஊத்தினா? நான் என்ன குருடியா?"

"அவங்களை இழுக்காதே."

"அவங்களாம், அவங்க. மரியாதையைப் பாரு."

அவன் தட்டிலேயே கை கழுவினான். "தப்பு என்னோடது. யாருன்னு மட்டும் கேட்காதே. போய்க் காட்டிடு, அது போதும்."

"காட்டறேன். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்து, டெப்போ வாசல்ல வச்சே அவ மூஞ்சியில வீசறேன்."

ராத்திரி முழுக்க அந்த டைம் கீப்பரின் வளையல் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. தன்னைவிட அவள் நிறம். தன்னைவிட ஒல்லி. அதை நினைத்தபோதுதான் இன்னும் எரிந்தது.

காலையில் லேடி டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கொட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை டாக்டர். அவர் எவகிட்டயோ வாங்கிட்டு வந்திருக்கார்."

"சரிம்மா. வெள்ளைப்படுதல் அதிகமா இருக்கா? அடிவயித்து வலி? மாதவிலக்குக்கு நடுவுல ரத்தம் படுதா? புருஷனோட இருக்கும்போது வலிக்குதா?"

"அதெல்லாம் இருக்கு. சூட்டு உடம்பு எனக்கு."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா..."

சொல்லும்போதே குரல் இறங்கியது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இவரை அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்போது முதல் புருஷன் வீட்டில் இருந்தாள். அவன் வாரக்கணக்கில் எங்கெங்கோ தங்கிவிட்டு வருவான். அதற்காகத்தான் விவாகரத்தே.

"இது சூடு இல்லம்மா," என்றார் டாக்டர். "பொம்பளைங்களுக்கு இந்தத் தொத்து சத்தமில்லாம ரொம்ப நாள் உள்ளேயே இருக்கும். பல பேருக்கு அறிகுறியே தெரியாது. டெஸ்ட் எடுத்துடலாம். அதுதான்னா ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும். இப்படியே விட்டா, குழந்தை உண்டாகறதே கஷ்டமாயிடும்."

வெளியே பெஞ்சில், அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவன் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த டைம் கீப்பர்..."

"அவங்க யாரோ, நான் யாரோ."

"வேற யாராவது?"

இல்லையென்று தலையாட்டினான்.

"அப்போ இது முன்னாடியே எனக்கு இருந்திருக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன எதுக்குத் தப்பு உங்களோடதுன்னு சொன்னீங்க?"

அவன் அவள் கையிலிருந்த டெஸ்ட் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டான்.

"உன்கிட்டேருந்து வந்திருக்கும்னு சொல்லியிருந்தா, நீ இந்த வாசப்படி ஏறியிருப்பியா?"