இரண்டாவது ஒப்புதல்

கீழே வேன்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு பட்டைகள் பெட்டிகளில் தயாராக இருந்தன. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், இதயத் துடிப்பு தடுமாறும்போது அதிர்ந்து எச்சரிக்கும் பட்டைகள். காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் இதய நோயாளிகள்.

கூட்டாளிகள் இருவரும் கணினியில் ஒப்புதல் கொடுக்காமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. கூட்டாளிகளில் ஒருவனான அவன் காலையிலேயே கொடுத்துவிட்டான்.

இன்னொரு கூட்டாளியான அவன் மச்சான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

நேற்றைய சோதனையில், கை வியர்த்திருந்தபோது, நூற்றுக்கு இரண்டு தடுமாற்றங்களைப் பட்டை கோட்டைவிட்டிருந்தது. பட்டைதான் சும்மா இருக்கிறதே என்று நம்பி யாராவது நெஞ்சுவலியோடு வீட்டிலேயே படுத்துவிட்டால்?

"பத்து நாள் குடு மாப்ள, சரி பண்ணிடலாம்."

"பத்து நாள் யார் கையில இருக்கு மச்சான்? அழுத்துங்க."

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல்வரை போனான். வந்தான். உட்காராமலே நாற்காலியைச் சுழற்றினான்.

மச்சான் அவனையே பார்த்தார். அவசரக் குடுக்கை என்ற பட்டம் இத்தனை நாளும் அவருடையது. அவர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பார். அவன் பிடித்து நிறுத்துவான்.

"ஆமைக்கே பிரேக் மாட்டுற ஆளு நீ. உனக்கென்ன ஆச்சு?"

பிறகு அவர் குரல் இறங்கியது.

"நம்ம வீட்ல ஒண்ணு போனது போதாதா?"

தன் தங்கையைச் சொன்னார். அவன் மனைவியை. போன வருடம், முப்பது வயதில், துடிப்பு தடுமாறி, குளியலறை வாசலில்.

மறுபடி ஹாரன்.

மச்சான் பெருமூச்சு விட்டார். "சரி. நீயே சொல்றேன்னா நாலும் யோசிச்சுத்தான் சொல்லுவ."

அழுத்தினார்.

கீழே வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவன் ஒன்றையும் யோசிக்கவில்லை.

அவள் போவதற்கு முந்தைய வாரம், படபடப்பாக இருக்கிறது, எனக்கும் ஒரு பட்டை கட்டிவிடேன் என்று கையை நீட்டினாள். மேசைமேல் பதினேழு கிடந்தன. சோதனை முடியாததை வீட்டு ஆட்கள் கட்டக் கூடாது என்பது அவனே எழுதிய விதி. சிரித்துக்கொண்டே அவள் கையை மடக்கிவிட்டான்.

அவளுடைய அண்ணனுக்கு இது இன்னும் தெரியாது.