பின்னால் பார்த்த சீட்

க்ளென் வாங்கிய அந்தப் பழைய, நீளமான ஸ்டேஷன் வேகன் காரின் கடைசி சீட் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அமெரிக்காவின் ஒஹாயோவில் பிள்ளைகள் இப்படிப்பட்ட சீட்டில் உட்கார்ந்து, பின்னால் வரும் லாரிக்காரரைப் பார்த்து, ஹாரன் அடிக்கச் சொல்லி, கையைத் தூக்கிக் கயிறு இழுப்பதுபோல் இழுப்பார்கள். அவரும் ஹாரன் அடிப்பார்.

இப்போது அந்த சீட்டில் யாரும் இல்லை; ஆனாலும் லாரிக்காரர்கள் அடிக்கிறார்கள். அந்த சீட்டை மடக்கி, மேலே நாய்த்தீனி மூட்டைகளைப் போட்டுப் பார்த்தான். அப்போதும் அடித்தார்கள். பெட்ரோல் பங்கில் ஒரு லாரிக்காரர், "உங்க பையனுக்குக் கை வலிக்கப்போகுது, கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க," என்று சிரித்தார். க்ளெனுக்கும் அவன் மனைவி டார்லீனுக்கும் பிள்ளைகள் இல்லை.

"வித்துத் தொலை. இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் டார்லீன்.

டொலீடோ நகரில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். க்ளென் வேகனை ஓட்டினான். திரும்பி வர வேண்டுமே என்று டார்லீன் தன் சின்னக் காரில் பின்னாலேயே வந்தாள். வழியில் கண்ணாடியில் பார்த்தான். அந்த வண்டியைக் கண்டாலே முகம் சுளிப்பவள், சிரித்தபடி கையாட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஹாரன் அடித்தாள்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பாடா, ஒழிஞ்சுது," என்றான். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும், பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

"திரும்பிப் பாக்காத, கூச்சப்படுவான்," என்றாள் டார்லீன். "நான்தான் ஏறிக்கச் சொன்னேன்."